பாவனைப் பறப்பும் மெய்க்காவலும்

வானூர்தியைத் தரையில் அமர்ந்தவாறே செலுத்திப் பழகும் கலை இன்று நம் மாணவர்தம் இல்லங்களுக்குள்ளும் வந்து சேர்ந்துள்ளது. ஒரு காலத்தில் விமானப் பயிற்சி நிலையங்களிலும் வான்படைத் தளங்களிலும் மட்டுமே காணப்பெற்ற இவ்வசதி, 1979ஆம் ஆண்டளவில் புரூஸ் ஆர்ட்விக் என்பார் ஆப்பிள் கணிப்பொறிக்கென ஆக்கிய நிரலொன்றால் பொதுமக்கள் கைக்கு எட்டியது. அதன் வழிவந்த நிரல் 1982இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பெயரில் ஐ.பி.எம். கணிப்பொறிக்கு வந்தது. அன்று சில கோடுகளே நிலம். சில கோடுகளே ஓடுதளம். 2020 ஆகஸ்டில் வெளியான பதிப்போ, உலகம் முழுவதன் வான்வழிப் படங்களைத் தொலைவிலுள்ள சேமிப்பகங்களிலிருந்து இணையத்தின் வழியே இறக்கி, நாம் பறக்கும் ஊரையே நம் கண்முன் விரிக்கின்றது. 2024 நவம்பரில் அதற்கடுத்த பதிப்பும் வந்துவிட்டது. எக்ஸ்-பிளேன், விலையேதுமின்றிக் கிடைக்கும் பிளைட்கியர் எனப் பிறவும் உள.

'சிமுலேட்டர்' என்பதனைப் 'பாவனையாக்கி' என்று தமிழில் வழங்குவதுண்டு. நல்ல சொல். கூத்து மேடையில் அரசனாக நிற்பவன் அரசனல்லன். அவன் கைவாள் எவரையும் வெட்டுவதில்லை. அதுபோலவே பாவனை ஊர்தி மலையில் மோதினாலும் எவர்க்கும் காயமில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் மீண்டும் ஓடுதளத்தில் நிற்கலாம். ஆனால் அந்த ஊர்தி பறக்கும் கணிப்பொறிக்குள் நுழைகின்ற நச்சுநிரல் இருக்கிறதே, அது பாவனையன்று. அது எடுத்துச் செல்லும் கடவுச்சொல்லும் பாவனையன்று. இதனைக் கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். பைலட் ஆகவேண்டும் என்னும் கனவோடு பாவனையாக்கி பழகும் மாணவர் சிலர், "இதற்கு எந்த ஆன்டிவைரஸ் போட்டால் விமானம் திக்காமல் ஓடும்?" என்று தமக்குள் விவாதிப்பதை வகுப்பறை வாயிலில் பலமுறை கேட்டதுண்டு. அவ்விவாதத்தின் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பற." இம்முடிவு எனக்கு அச்சத்தைத் தருகிறது. ஏனெனில் மேலை நாட்டுப் பொழுதுபோக்காளர் ஒருவர் பறப்பதற்கென்றே தனிக் கணிப்பொறி ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கக்கூடும். நம் வீடுகளில் நிலை அஃதன்று. நம் வீட்டில் இருப்பது ஒரே கணிப்பொறி. தம்பி அதில் விமானம் ஓட்டுவான். தங்கை அதில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பாள். வெளிநாட்டில் உழைக்கும் அத்தா அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் ஏறிற்றா என்று அம்மா அதில்தான் பார்க்கச் சொல்வார். ஒருவன் பறப்பதற்காகத் திறந்து வைத்த கதவு வழியே குடும்பம் முழுவதன் பொருளும் வெளியேற இடமுண்டு.

என் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றேன். பறப்புப் பாவனைக்கான கணிப்பொறிக்கு ஆண்டுச் சந்தா கட்டி வாங்கும் கனத்த காவல் மென்பொருள் எதுவும் வேண்டுவதில்லை. விண்டோஸ் இயங்குதளத்தோடு இணைந்தே வரும் டிஃபெண்டர் போதும். ஆயின் அதனை ஒருபொழுதும் முற்றாக அணைத்தல் ஆகாது. இவ்விரண்டனுள் இரண்டாவதே முதன்மையானது என்பது என் துணிபு.

மாணவர்கள் ஏன் காவலை அணைக்க விரும்புகின்றனர் என்பதை முதலில் நேர்மையாக நோக்குதல் வேண்டும். அவர்கள் குறை கற்பனையன்று. திரையில் ஊர்தி வழுவழுப்பாகப் பறக்க வேண்டுமாயின் நொடிக்கு 30 படங்களேனும் தீட்டப்பெற வேண்டும். அஃதாவது ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 33 மில்லிநொடி. நொடிக்கு 60 படம் வேண்டுவோர்க்கு 17 மில்லிநொடிக்கும் குறைவு. அந்தச் சிறு பொழுதிற்குள் காற்றின் அழுத்தம், எந்திரத்தின் விசை, மேகத்தின் நிழல், கீழே ஓடும் தெருக்கள் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டாக வேண்டும். ஊர்தி முன்னேற முன்னேறப் புதிய நிலத்தின் படங்கள் வன்தட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் திறக்கப்படுகின்றன.

காவல் மென்பொருளின் வேலையோ, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் வாயிலில் நிறுத்தி விசாரிப்பது. திருமண மண்டப வாயிலில் அழைப்பிதழைப் பார்த்து உள்ளே விடும் ஒருவரை நிறுத்தினால், பத்துப் பேர் வரும்போது எவர்க்கும் தாமதம் தெரியாது. பந்தி நேரத்தில் ஐந்நூறு பேர் ஒருசேர வந்தால் வாயிலில் நெரிசல் உண்டாகும். பாவனைப் பறப்பில் காணும் திக்கல் இத்தகையதே. பெரிய நகரத்தின் விமான நிலையத்தை நெருங்கும்போது, அதாவது தரையிறங்கும் மிக நுட்பமான கணத்தில், இது மிகுதியாகத் தோன்றுவதும் இதனாலேயே. எனினும் எல்லாத் திக்கலுக்கும் காவலனையே குற்றம் சொல்வது முறையன்று. வரைகலை அட்டையின் வலுவின்மை, நினைவகக் குறைவு, இணையத்தின் வேகக் குறைவு ஆகியனவே பெரும்பாலும் முதற்காரணங்கள். ஒருமுறை ஆராய்ந்து தூயதெனக் கண்ட கோப்பு மாறாதிருக்குமாயின் அதனை மீண்டும் முழுதும் ஆராயாது விடும் முறை இக்காலக் காவல் மென்பொருள்களில் உண்டு. எனவே முதல் நாள் தோன்றிய தாமதம் பத்தாம் நாளும் அதே அளவில் இருக்கும் என்பதற்கில்லை.

இனி, அணைத்து வைக்கும் பழக்கத்திற்கு மற்றொரு மூலமும் உண்டு. பாவனையாக்கியோடு வரும் ஊர்திகளால் நிறைவு கொள்ளாதவர்கள் வேறு நிறுவனங்கள் ஆக்கிய கூடுதல் ஊர்திகளை வாங்கிச் சேர்க்கின்றனர். அவற்றின் உரிமையாளர்கள் திருட்டுப் படிகளைத் தடுக்கும் பொருட்டுத் தம் நிரலைப் பூட்டி, மறைகுறியாக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் அறியாவண்ணம் பொதிந்து தருகின்றனர். நச்சுநிரல் எழுதுவோரும் அவ்வாறே பொதிகின்றனர்! ஆதலால் காவலன் இரண்டையும் ஒன்றென மயங்கிக் குற்றமற்ற கோப்பைச் சிறைப்படுத்துவது நிகழ்கிறது. ஊர்தி பறக்க மறுக்கிறது. இத்தொல்லையைத் தவிர்க்க, "நிறுவும்போது உங்கள் காவல் மென்பொருளை நிறுத்தி வையுங்கள்" என்று விற்பவர்களே அறிவுரை கூறுவது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வருகின்ற தச்சர், "நான் வேலை செய்யும்வரை பூட்டைக் கழற்றி வையுங்கள்" என்று கூறினால் நாம் ஒப்புவோமா? கணிப்பொறி என்றதும் ஒப்புகின்றோம்.

அவ்வாறு ஒப்புவதால் என்ன நேரும் என்பதற்குப் பாவனைப் பறப்பு உலகிலேயே ஒரு சான்று உண்டு. 2018 பிப்ரவரியில், எஃப்.எஸ். லேப்ஸ் என்னும் நிறுவனம் விற்றுவந்த ஏர்பஸ் ஏ320 ஊர்தியின் நிறுவியினுள் 'டெஸ்ட்' என்னும் எளிய பெயரோடு ஒரு கோப்பு இருப்பதைப் பயனாளர் ஒருவர் கண்டறிந்து வெளியிட்டார். ஆராய்ந்தபோது அது குரோம் உலாவியில் சேமித்து வைக்கப்பட்ட கடவுச்சொற்களைத் திரட்டும் கருவி என்பது தெரிந்தது. நிறுவனம் மறுக்கவில்லை. திருட்டுத் தொடரெண் ஒன்றைப் பயன்படுத்துவோரைப் பிடிப்பதற்காகவே அதனை வைத்ததாகவும், முறையாக வாங்கியவர்களின் கணிப்பொறியில் அது இயக்கப்படவில்லை என்றும் விளக்கம் தந்தது. பின்னர் அக்கோப்பை நீக்கிய புதிய நிறுவியை வெளியிட்டு வருத்தமும் தெரிவித்தது. ஆனால் நேர்மையாகப் பணம் கட்டியவரின் வீட்டிலும் அக்கருவி சென்று இறங்கியது என்பதே உண்மை. நிறுவியைக் கணிப்பொறியின் முழு அதிகாரத்தோடு இயக்குவது வழக்கமாதலால், அதன் கைக்கு எட்டாத அறை அங்கு எதுவுமில்லை. திருடனைப் பிடிக்க ஊரார் எல்லாருடைய தலையணைக்கடியிலும் கத்தியை வைத்துவிட்டு, "நாங்கள் ஒருவனை மட்டுமே குத்துவோம்" என்பது என்ன நீதி?

இதில் ஒரு வரலாற்று ஒற்றுமை என் கருத்தைக் கவர்ந்தது. ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் முதன்முதல் பரவிய நச்சுநிரல் 'பிரெய்ன்' எனப்படும். 1986இல் லாகூரைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவர் அதனை எழுதினர். தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள்ளேயே பொறித்து வைத்திருந்தனர். தாம் விற்ற மென்பொருளைத் திருட்டுப் படி எடுப்போரைக் கண்டறியவே அவ்வாறு செய்ததாகப் பின்னர்க் கூறினர். நச்சுநிரலின் வரலாறு தொடங்கிய இடத்திலும் உரிமை காக்கும் நோக்கம். 32 ஆண்டுகள் கழித்து ஏ320இன் நிறுவியிலும் அதே நோக்கம். நல்ல நோக்கம் ஒரு நிரலைத் தூயதாக்கிவிடாது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. ஆகவே, "புகழ்பெற்ற நிறுவனம்தானே" என்று காவலை அணைத்தல் பொருந்தாது.

அப்படியாயின் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் ஒரு காவல் மென்பொருளை எவ்வளவு விலை கொடுத்தேனும் வாங்கிவிடலாமே என்பார் உளர். அத்தகைய ஒன்று இருக்கவே இயலாது. கணிப்பொறி நச்சுநிரல் பற்றிய ஆய்வில் முன்னோடியான பிரெட் கோகன், ஒரு நிரல் நச்சுடையதா அன்றா என்பதை எல்லா நிலையிலும் பிழையின்றித் தீர்மானிக்கும் நிரலை எழுத முடியாது என்று 1984ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே கணித முறையில் நிறுவிக் காட்டினார். விலை கூடினால் இந்த வரம்பு விலகிவிடுவதில்லை. விளம்பரங்கள் நூற்றுக்கு நூறு என்று முழங்கும்போது நம் மாணவர்கள் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

தரத்தை எவ்வாறு அறிவது? செருமனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் என இரு தனி ஆய்வு நிறுவனங்கள் இம்மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. முன்னது காவல், வேகம், பயன்பாட்டெளிமை ஆகிய மூன்றுக்கும் ஆறு ஆறாக 18 மதிப்பெண் வழங்கும். அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் பலமுறை முழு மதிப்பெண் பெற்றுள்ளது. பத்தாண்டுகளுக்கு முன் அதனை எள்ளி நகையாடியவர்கள் இன்றும் அந்தப் பழைய நகையையே நகைத்துக்கொண்டிருக்கின்றனர். மறுபுறம், கோப்புகளைப் படியெடுத்தல் போன்ற வேலைகளில் டிஃபெண்டர் சிலவற்றை விட மெதுவானது என்று ஆஸ்திரிய நிறுவனத்தின் சோதனைகள் காட்டியதும் உண்டு. அதனை மறைப்பதில் பயனில்லை. அவர்கள் எவரும் பறப்புப் பாவனையாக்கியை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் இடுவதில்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். நம் தேவைக்கான சோதனையை நாமே செய்துகொள்ளல் வேண்டும். அதற்கு வழி பின்னர்க் கூறுவேன்.

விலைக்கு வரும் மென்பொருள்களை நான் வெறுப்பவரல்லர். சென்னையில் 1990களின் தொடக்கத்தில் தோன்றிய கே7, புனே நகரின் குவிக் ஹீல் ஆகியன நம் நாட்டு உழைப்பின் விளைவுகள்; அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் அவை பயன்படுகின்றன. ஆனால் பல காவல் மென்பொருள்கள் இக்காலத்தில் காவலோடு நிற்பதில்லை. கணிப்பொறியைத் துப்புரவாக்குவோம், வேகமாக்குவோம், கடவுச்சொல்லைக் காப்போம், கடன் மதிப்பைப் பார்ப்போம் என்று ஒரு சுற்றத்தையே அழைத்து வருகின்றன. நாம் தரையிறங்கும்போது மூலையில் ஓர் அறிவிப்பு எழுந்து, "உங்கள் சந்தா முடிகிறது" என்கிறது. இலவசமாக வருவனவற்றில் வேறோர் இடரும் உண்டு. பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், தன் பயனாளர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தனர் என்னும் விவரங்களைத் துணை நிறுவனமொன்றின் வழியே விற்றுவந்தது 2020 சனவரியில் வெளிப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் அதன்மீது 1 கோடியே 65 இலட்சம் டாலர் விதித்தது. காவலுக்கு நின்றவன் வீட்டில் பேசியதை விற்ற கதை இது. காஸ்பர்ஸ்கி மென்பொருளை அமெரிக்க அரசு 2024இல் தடை செய்தபோது, அந்நாட்டில் சந்தா கட்டியிருந்த பலர் ஒருநாள் காலையில் அதனிடத்தில் தாம் கேள்விப்பட்டிராத வேறொரு காவலன் நிற்பதைக் கண்டனர்.

காவலனே கட்டிடத்தைச் சாய்த்ததும் உண்டு. 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழைபட்ட புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. பாவனையன்று, மெய்யான விமானங்கள் ஆயிரக்கணக்கில் அன்று பறக்கவில்லை. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. காவல் மென்பொருள் இயங்குதளத்தின் கருவறைவரை செல்லும் உரிமை பெற்றது. ஆகவே அத்தகைய உரிமை பெற்றோரின் தொகையை எவ்வளவு குறைக்கின்றோமோ அவ்வளவு நன்று. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் அவ்வேலையைச் செய்யும்போது மற்றொருவரை ஏன் அழைக்க வேண்டும் என்பதே என் வாதம். மற்றொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக் கொள்ளும் என்பது உண்மை. எனினும் தேவையின்றி ஏன்?

இனிச் செய்முறைக்கு வருவோம். டிஃபெண்டரை அணைக்காமலே திக்கலைக் குறைக்க வழியுண்டு. 'விலக்கு' என்னும் ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட கோப்புறையை மட்டும் ஆராய வேண்டா என்று அதனிடம் கூறிவிடலாம். இங்குதான் மாணவர்கள் அளவறியாது நடக்கின்றனர். வன்தட்டு முழுவதையும் விலக்கி விடுகின்றனர். அது அணைத்து வைப்பதற்கு ஒப்பாகும். எதை விலக்கலாம்? பாவனையாக்கியை ஆக்கிய நிறுவனமே நேரே இறக்கித் தந்த நிலப்படங்களும் ஊர்திகளும் அடங்கிய கோப்புறையை விலக்கலாம். நிலப்படங்களை இறக்கித் தற்காலிகமாகச் சேமித்து, இடைவிடாது எழுதியும் அழித்தும் வரும் இடைச்சேமிப்புக் கோப்பையும் விலக்கலாம். எதை விலக்கலாகாது? இணையத்திலிருந்து இறக்கியவை வந்து விழும் கோப்புறையை. பிறர் ஆக்கிய சேர்க்கைகளை இடும் 'கம்யூனிட்டி' கோப்புறையை. விண்டோஸ் தன் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் இடத்தை. ஏ320இன் உள்ளே மறைந்து வந்த கருவி முதலில் இறங்கியது அந்தத் தற்காலிக இடத்தில்தான் என்பதை நினைக்க.

விலக்கினால் பயனுண்டா என்பதை அளந்தறிதல் வேண்டும். ஒரே நிலையம், ஒரே ஊர்தி, ஒரே வானிலை. பத்து நிமிடம் விலக்கோடும் பத்து நிமிடம் விலக்கின்றியும் பறந்து, பாவனையாக்கியே காட்டும் படவேகத்தைக் குறித்துக்கொள்க. வேறுபாடு இல்லையெனில் விலக்கை நீக்கிவிடுக. காரணமின்றித் திறந்து கிடக்கும் சாளரம் எதற்கு? மேலும், கணிப்பொறி முழுவதையும் அவ்வப்போது ஆராயும் வேலையைப் பறக்காத பொழுதிற்கு ஒதுக்குக. கடல்மேல் நெடும்பயணத்தில் தானியங்கியிடம் ஊர்தியை ஒப்படைத்துவிட்டு நாம் தேநீர் அருந்தச் செல்கின்றோம். விசைப்பலகையில் கைபடாத அந்நேரத்தைக் கணிப்பொறி தனக்கும் ஓய்வென்று கருதி ஆய்வைத் தொடங்கிவிட இடமுண்டு. திட்டமிட்ட ஆய்வின்போது டிஃபெண்டர் நுண்செயலியின் திறனில் சராசரியாக 50 விழுக்காடுவரை எடுத்துக்கொள்ளும்படி இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது. அதனைக் குறைக்கவும் இயலும்.

சேர்க்கைகளுள் எவை அஞ்சத்தக்கன என்று பகுத்தறிவதும் வேண்டும். ஊர்தியின் மேல் பூசும் வண்ணம், ஒரு விமான நிலையத்தின் கட்டிடங்கள் ஆகியன படங்களும் வடிவங்களுமே. அவற்றைக் கோப்புறையில் படியெடுத்து வைத்தாலே போதும். அதற்கும் ஒருவர் இயக்கக்கூடிய நிறுவி ஒன்றைத் தந்தால், 'ஏன்?' என்று கேட்க வேண்டும். 2020க்குப் பிந்திய மைக்ரோசாப்ட் பதிப்புகளில் ஊர்தியின் உள்நிரல்கள் வேலியிட்ட ஒரு சிறு களத்தினுள்ளேயே இயங்கும்படி அமைக்கப்பெற்றுள்ளன. இது பெரிய முன்னேற்றம். பழைய எஃப்.எஸ்.எக்ஸ். பதிப்பிலும் எக்ஸ்-பிளேனிலும் சேர்க்கை நிரல்களுக்கு அத்தகைய வேலி இல்லை. அவை பாவனையாக்கிக்கு உள்ள அதிகாரம் அனைத்தையும் பெறுகின்றன. எனவே அவற்றைப் பயன்படுத்துவோர்க்குக் கவனம் இருமடங்கு வேண்டும். எந்த நிறுவியாயினும் இயக்கும்முன் வலச்சொடுக்கி ஆராயச் செய்க. பண்புகள் பகுதியில் ஆக்கியோரின் எண்முறைக் கையொப்பம் உளதா என்று பார்க்க. ஐயமிருப்பின் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல்வேறு காவல் மென்பொருள்களின் தீர்ப்பு ஒருங்கே கிடைக்கும். 650 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை மட்டும் அது ஏற்பதில்லை. அவற்றுள் ஒன்றிரண்டு மட்டும் குறை கூறினால் அது மயக்கமாக இருக்கலாம். பெரும்பாலானவை கூறினால் அதன்பின் வாதம் வேண்டா.

திருட்டுப் படிகளைப் பற்றி ஒரு சொல். கூடுதல் ஊர்திகள் டாலர் விலையில் விற்கப்படுவதால் மாணவர்கள் பூட்டுடைத்த படிகளைத் தேடுகின்றனர். அப்படிகளோடு வரும் முதல் கட்டளை, காவலை அணைக்க வேண்டும் என்பதே. எவரோ ஒருவர் பல இரவுகள் உழைத்து ஒரு பூட்டை உடைத்து, அதனை முன்பின் அறியாத நமக்கு வழங்குவது வெறும் கொடையுள்ளத்தால் என்று நம்புவதற்கு மிகுந்த வெகுளித்தனம் வேண்டும். உரிமையாளரின் பொருளை எடுப்பது தவறு என்பது ஒருபுறம் இருக்க, அதற்கான தேவையே இன்று இல்லை. பிளைபைவயர் என்னும் தன்னார்வலர் குழு ஆக்கிய ஏ320 ஊர்தி விலையின்றியும், எவரும் படிக்கத் திறந்த மூலநிரலோடும் கிடைக்கிறது; விமானி அறையின் செயல்முறையைக் கற்க அது போதும். பிளைட்கியரில் பாவனையாக்கி முழுவதுமே அவ்வாறுதான்.

விடுதி மாணவர்களிடையே நிலப்படத் தொகுதிகளை வன்தட்டில் ஏற்றிக் கைமாற்றும் வழக்கம் உண்டு. பல நூறு ஜிகாபைட் என்னும்போது இணையத்தில் இறக்குவது அரிது என்பதால் அதனைக் குறைகூற மனம் வரவில்லை. ஆனால் 2011இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக் கிரீச் வான்படைத் தளத்தில், ஆளில்லா விமானப் பணிகளுக்குத் துணைபுரியும் தரைநிலையங்களின் கணிப்பொறிகளில் நச்சுநிரல் காணப்பட்டது. அந்நிலையங்கள் பொது இணையத்தோடு தொடர்பற்றவை. தகவல்களை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்குக் கொண்டுசெல்லப் பயன்பட்ட கையடக்க வன்தட்டில் அது இருந்ததாகவும், கடவுச்சொற்களைத் திருடும் வகையினது என்றும் வான்படை அறிவித்தது. வேலியும் ஆயுதமும் சூழ்ந்த இடத்திற்கே வன்தட்டு வழியாக வந்தது என்றால், விடுதி அறைக்கு வருவதில் வியப்பென்ன? கைமாறி வரும் வன்தட்டைச் செருகியதும் அதனை முழுதும் ஆராயச் செய்த பின்னரே படியெடுத்தல் வேண்டும். விலக்கிய கோப்புறைக்குள் நேரே கொட்டுவது கூடவே கூடாது.

பழைய கணிப்பொறி வைத்திருப்போர்க்கு என் விடை வேறு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10க்கான இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளிலும் முடிந்துவிட்டன. புதுப்பிக்கப்படாத இயங்குதளத்தின் மேல் எவ்வளவு விலையுள்ள காவலனை நிறுத்தினாலும், மண்சுவர் இடிந்த வீட்டுக்கு எஃகுக் கதவு பூட்டுவதாகவே முடியும். அத்தகைய கணிப்பொறியில் எஃப்.எஸ்.எக்ஸ். போன்ற பழைய பதிப்பைப் பறக்கவிட்டு, இணையத் தொடர்பை அடியோடு துண்டித்து விடலாம். அப்பதிப்பு இணையமின்றியே நன்கு பறக்கும். 2024ஆம் ஆண்டுப் பதிப்பு உலகையே இணையத்திலிருந்து பெறுவதால் அதற்கு இவ்வழி ஒவ்வாது.

ஒரே கணிப்பொறியுள்ள வீடுகளில் பறப்பவனுக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை, நிருவாகி உரிமையின்றித் திறந்து கொடுக்கலாம். முழு அதிகாரம் கோரும் நிறுவியை இயக்க வேண்டுமாயின் மூத்தவர் ஒருவரின் கடவுச்சொல் தேவைப்படும். வங்கிக் கடவுச்சொற்களை உலாவியில் சேமித்து வைக்கும் பழக்கத்தைக் குடும்பத்தார் அனைவரும் விடுதல் நன்று. காவல் மென்பொருளின் ஆண்டுச் சந்தாவுக்கென எடுத்து வைத்த பணம் இருக்குமாயின், அதனைச் சேர்த்து நினைவகம் வாங்கப் பயன்படுத்தலாம். 2024ஆம் ஆண்டுப் பதிப்புக்குக் குறைந்தது 16 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் என்றும், 32 இருப்பது நன்று என்றும் அதனை ஆக்கியவர்களே கூறியுள்ளனர். எட்டு ஜிகாபைட்டோடு மூச்சுத்திணறும் கணிப்பொறிகளே நம் மாணவர்களிடம் மிகுதி. திக்கலுக்கு மருந்து வேண்டுமாயின் முதலில் அங்கே தேடுக.